பூனைக்கும் வரும் கல்லடைப்பு

மணல் தட்டில் ஏறுகிறது, குந்துகிறது, முக்குகிறது, ஒன்றும் வராமல் இறங்குகிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே. வீட்டில் உள்ளவர்கள் "வெளிக்கிப் போகல போல" என்று விளக்கெண்ணெய் பாட்டிலைத் தேடுவார்கள். ஆண் பூனை இப்படிச் செய்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மலச்சிக்கலை அல்ல, சிறுநீர் அடைப்பை. குளியலறைத் தரையிலோ துணி மூட்டையிலோ சொட்டுச் சொட்டாகப் போவது, அடிக்கடி பின்பக்கத்தை நக்குவது, அடிவயிற்றைத் தொட்டால் கத்துவது, சிறுநீரில் ரத்தம் தெரிவது எல்லாம் இந்த வரிசையில் வருபவைதான். கண்ட இடத்தில் ஒன்றுக்கு இருக்கிறது என்று அதை அடிப்பவர்களும் உண்டு.

பெண் பூனைக்குச் சிறுநீர்த் தாரை குட்டையானது, அகலமானது. ஆணுக்கு நுனியில் மிகக் குறுகிவிடும். மணல் போன்ற படிகங்களும் கோழையும் கலந்த சின்ன அடைப்பான் ஒன்று போதும். முழுதாக அடைபட்டால் சிறுநீரகம் வடிகட்டுவதை நிறுத்துகிறது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறது, இதயத் துடிப்பு தடுமாறுகிறது. இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடலாம்.

இதில் சாப்பாட்டின் பங்கு என்ன? வீட்டுப் பூனையின் முன்னோர் மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வறண்ட நிலத்தில் திரிந்த காட்டுப்பூனைகள். தண்ணீரைத் தேடிப் போய்க் குடித்துப் பழகிய இனம் அல்ல. பிடிக்கிற எலியின் உடம்பில் 100க்கு 70 பங்கு தண்ணீர்தான்; அதுவே அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது. மிச்சத்தைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்ளும். சிறுநீரை மிகக் கெட்டியாக்கி, உள்ளே இருக்கும் தண்ணீரை உடம்பிலேயே நிறுத்திக்கொள்ளும். பாலைவனத்தில் உயிரைக் காத்த அந்தத் திறமை, அண்ணா நகர் அடுக்குமாடியில் காய்ந்த தீவனம் தின்னும் பூனைக்குப் பகையாகிறது. கெட்டியான சிறுநீரில் தாதுக்கள் எளிதாகப் படிகமாகும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 4 கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு உணவிலும் குடிப்பதிலுமாகச் சேர்த்து 200 மில்லிக்குக் குறையாமல் தண்ணீர் தேவை. கடையில் வாங்கும் காய்ந்த தீவனத்தில் ஈரம் 100க்கு 10 பங்கு. ஒரு நாளைக்கு 60 கிராம் தின்றால் அதிலிருந்து கிடைப்பது 6 மில்லி. டப்பாவிலோ பாக்கெட்டிலோ வரும் ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வயிறு நிறைய அதைத் தின்கிற பூனைக்குத் தேவையான தண்ணீர் ஏறக்குறைய முழுதும் தட்டிலேயே வந்துவிடும். காய்ந்தது தின்னும் பூனை கிண்ணத்தில் கூடுதலாகக் குடிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் ஈர உணவு தின்னும் பூனையின் மொத்தக் கணக்கை அது எட்டுவதில்லை.

தண்ணீர்தான் முக்கியம் என்ற முடிவுக்கு மருத்துவ உலகம் நேர்வழியில் வந்துவிடவில்லை. முதலில் பழி விழுந்தது தீவனத்தில் உள்ள சாம்பல் மேல். தீவனத்தை எரித்தால் மிஞ்சும் தாதுக்களின் மொத்த அளவுதான் அது, இன்றும் பாக்கெட்டின் பின்புறம் அச்சிடுகிறார்கள். அடுத்து மக்னீசியத்தின் மேல். காரணம், அப்போது கிடைத்த கற்களில் பெரும்பாலானவை ஸ்ட்ருவைட், அதாவது மக்னீசியமும் அம்மோனியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கல். பிறகுதான் சிறுநீரின் அமிலத்தன்மைக்கு அதைவிடப் பெரிய பங்கு இருப்பது தெரிந்தது. சிறுநீர் காரத்தன்மைக்குச் சாய்ந்தால் ஸ்ட்ருவைட் படியும், அமிலத்தன்மைக்குத் திரும்பினால் கரையும். 1980களில் தீவன நிறுவனங்கள் மக்னீசியத்தைக் குறைத்து, சிறுநீரை அமிலமாக்கும் வகையில் தயாரிப்பை மாற்றின. கல் குறைந்ததா? ஸ்ட்ருவைட் குறைந்தது, கால்சியம் ஆக்ஸலேட் கூடியது. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கார்ல் ஆஸ்போர்ன் தொடங்கிய கல் ஆய்வு மையத்துக்கு 1981இல் வந்த பூனைக் கற்களில் ஆக்ஸலேட் 100க்கு 2 மட்டுமே. 2002 வாக்கில் அது பாதியைத் தாண்டிவிட்டது. தீவன மாற்றம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது என்றாலும் அதற்கும் பங்குண்டு என்றே நிபுணர்கள் கருதுகிறார்கள். ஸ்ட்ருவைட்டை மருத்துவர் சொல்லும் சிறப்பு உணவால் சில வாரங்களில் கரைக்கலாம். ஆக்ஸலேட் எந்த உணவுக்கும் கரையாது. பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். பெர்சியன் இனத்துக்கு இந்த வகைக் கல் வரும் வாய்ப்பு அதிகம். நம்மூரில் பலரும் ஆசைப்பட்டு வாங்குவதும் பெர்சியனைத்தான்.

எந்தக் கல்லானாலும் நீர்த்த சிறுநீர் நல்லது. கல்லே இல்லாமல், கிருமியும் இல்லாமல் சிறுநீர்ப் பை அழற்சி வருவதும் உண்டு. சிறுநீர்த் தொல்லையோடு வரும் பூனைகளில் பாதிக்கு மேல் இந்த வகை என்கிறார்கள். மன அழுத்தம் இதற்கு முக்கியத் தூண்டுதல்: வீடு மாறுவது, புதிதாக இன்னொரு பூனை வருவது, தீபாவளி வெடி. அதற்கும் ஈர உணவு கைகொடுக்கிறது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், ஈர உணவு தின்ற பூனைகளில் 100க்கு 11க்கு ஓராண்டுக்குள் தொல்லை திரும்பியது. காய்ந்த உணவு தின்றவற்றில் 39க்கு.

மதுரைக்காரர்கள் உடனே கேட்கும் கேள்வி, உப்புத் தண்ணி. போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, பூனைக்கும் அப்படித்தானே படியும்? லிட்டருக்கு 50 மில்லிகிராம் மக்னீசியம் உள்ள கடினத் தண்ணீரை ஒரு பூனை 100 மில்லி குடித்தால் உள்ளே போவது 5 மில்லிகிராம். சாதாரண ஒரு நாள் தீவனத்தில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். நல்ல தண்ணி வைப்பது நல்லதுதான். உப்புத் தண்ணி பிடிக்காமல் பூனை குடிப்பதைக் குறைத்துவிடக் கூடாதே என்பதற்காக.

என்னைக் கேட்டால், பழைய மீன்சோற்றை நாம் ரொம்பத்தான் இளப்பமாகப் பேசிவிட்டோம். கரிமேடு மார்க்கெட்டில் காரப்பொடியோ சாளையோ மலிவாக வாங்கி, தண்ணீர்விட்டு வேகவைத்துச் சோற்றோடு பிசைந்து போட்ட வீடுகளில் பூனைக்குத் தெரியாமலே தண்ணீர் உள்ளே போனது. அதில் குறைகளும் இருந்தன. சோறு கூடி இறைச்சி குறைந்தால் சிறுநீர் காரத்தன்மைக்குச் சாயும். பால்சோறு, தயிர்சோறு மட்டும் தின்னும் பூனைக்கு டாரின் என்ற சத்து போதாது. அந்தக் குறையால் பூனையின் இதயம் வீங்கித் தளர்ந்துபோகும் என்பதைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பால் பியான் 1987இல் நிறுவினார், கண்பார்வையும் போகும். பால் பலவற்றுக்குச் செரிக்காது. கருவாட்டில் உப்பு அளவுக்கு மீறியது. குழம்பு மீனில் வெங்காயமும் பூண்டும் இருக்கும்; இரண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுவைச் சிதைப்பவை. பச்சை மீனையே தினமும் போட்டால், பல மீன்களில் உள்ள ஒரு நொதி பி1 வைட்டமினை அழித்துவிடும்.

வீட்டிலேயே சமைத்துத் தருவதென்றால் மருத்துவரிடம் கேட்டு, டாரினும் கால்சியமும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். அவ்வளவு முடியாதவர்கள் முழுச் சத்துள்ள தீவனத்தையே வைத்துக்கொண்டு அதை ஈரமாக்கலாம். காய்ந்த தீவனத்தில் வெதுவெதுப்பான தண்ணீரோ, உப்பு போடாமல் கோழி வேகவைத்த தண்ணீரோ ஊற்றிப் பிசையலாம். கோழிக் கழுத்து, இதயம் வேகவைத்த தண்ணீரைக் கீழே கொட்ட வேண்டாம். டாரின் தண்ணீரில் இறங்கிவிடும் சத்து. ஈரலை மட்டும் நிறையக் கொடுக்க வேண்டாம். வைட்டமின் ஏ மிஞ்சி முதுகெலும்பு இறுகிவிடும். நனைத்த தீவனம் நம்மூர் சித்திரை வெயிலில் சீக்கிரம் கெட்டுப்போகும், தின்றது போக மிச்சத்தை உடனே எடுத்துவிட வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் மீசை இடிக்காத அளவுக்கு அகலமாக இருக்கட்டும். சாப்பாட்டுத் தட்டுக்கும் மணல் தட்டுக்கும் தள்ளி, வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள்.

அடைபட்டுவிட்ட பூனைக்கு இந்த வைத்தியம் எதுவும் உதவாது. மனிதர்களின் கல்லடைப்புக்கு நாம் குடிக்கும் வாழைத்தண்டுச் சாறு, சிறுகண்பீளைக் கஷாயம் ஆகியவற்றை அதன் வாயில் ஊற்றினால், வெளியேற வழியில்லாத பைக்குள் இன்னும் தண்ணீர்தான் சேரும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்தால் அதுவே அதைக் கொன்றுவிடும். மதுரை தல்லாகுளத்தில் அரசு கால்நடை பன்முக மருத்துவமனை இருக்கிறது. திருப்பரங்குன்றத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. தனியார் மருத்துவர்களும் உண்டு. மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாய் விட்டு அடைப்பை நீக்கி, நரம்பு வழியாக நீர் ஏற்றுவார்கள். ராத்திரி பத்து மணிக்குத் தெரிந்தால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம், போன் செய்து கேளுங்கள்.

வீடு திரும்பிய பிறகு மருத்துவர் உணவை மாற்றச் சொன்னால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொள்ளலாம். பசித்தால் தானாகத் தின்னும் என்று விடுவது நாய்க்குப் பலிக்கலாம். கொழுத்த பூனை சில நாள் தொடர்ந்து பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்துவிடும், அது இன்னொரு அவசர சிகிச்சை.