கடலில் ஒரு குடித்தனம்

அத்திலாந்திக் சமுத்திரத்தில், அமெரிக்காவின் புளோரிடாக் கரைக்குக் கிழக்கே, ஏறக்குறைய 700 தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. இவையே பகாமாத் தீவுகள். 1973 ஆம் ஆண்டிற் சுதந்திரம் பெற்ற இந்நாட்டில் மக்கள் குடியிருக்குந் தீவுகள் முப்பதளவே. கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் உறைபனி விழத் தொடங்குங் காலத்தில், ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் பாய்வள்ளங்களில் இத்தீவுகளை நாடி வருகின்றனர். முப்பது நாற்பது அடி நீளமுள்ள வள்ளமே அவர்களுக்கு வீடு. அடுக்களை, படுக்கையறை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் யாவும் அதனுள்ளேதான்.

படங்களிற் பார்க்கும்போது இவ்வாழ்க்கை ஓயாத விடுமுறையெனத் தோன்றும். நீலக் கடலும் வெண்மணற் கரையும் பொய்யல்ல. ஆயினும், அங்கே ஒரு குளிர்காலத்தைக் கழிப்போர் நாள்தோறும் செய்வது யாது? நீரை அளக்கின்றனர், மின்சாரத்தைக் கணக்கிடுகின்றனர், காற்றைக் கவனிக்கின்றனர். இம்மூன்றிலுங் கண்ணாயிருப்பவர்க்கே அந்த நீலக் கடல் இன்பந் தரும்.

காலம் பார்த்துப் புறப்படல்

அத்திலாந்திக்கின் சூறாவளிப் பருவம் யூன் 1 முதல் நவெம்பர் 30 வரையாகும். அது கழிந்த பின்னரே பெரும்பாலானோர் புளோரிடாவை விட்டுப் புறப்படுவர். அண்மையிலுள்ள பிமினித் தீவு ஏறக்குறைய 50 மைல் தொலைவிலேயே உள்ளது. ஆனால், இடையே வளைகுடா நீரோட்டம் ஒரு பேராறுபோல வடக்கு நோக்கி விரைந்தோடுகின்றது. வடகாற்று அந்நீரோட்டத்தை எதிர்த்து வீசுமாயின், அலைகள் செங்குத்தாக எழுந்து சிறு வள்ளங்களை அலைக்கழிக்கும். ஆகையால், காற்றுத் திசைமாறும்வரை, ஒரு வாரமாயினும், துறையிலே காத்திருத்தல் வேண்டும். இன்ன திகதியில் இன்ன இடத்தைச் சேர்ந்தே தீருவோம் என்று நாட்குறித்துப் புறப்படுவதே பேராபத்து என்பது கடலோடிகளின் துணிபு.

நீரோட்டத்தைக் கடந்தபின் எதிர்ப்படும் இடையூறு வேறு. பெரிய பகாமாத் திட்டின்மேற் பல இடங்களில் ஆழம் பத்து இருபது அடியே. வள்ளத்தின் அடிப்பாகமோ ஐந்தாறு அடி நீருள் அமிழ்ந்திருக்கும். செய்மதியின் துணையால் இருப்பிடங் காட்டுங் கருவி இன்று வள்ளந்தோறும் உண்டு. எனினும், கடைசியில் கண்ணே வழிகாட்டி. கருநீலம் ஆழத்தைக் குறிக்கும். இளம்பச்சை, ஆழங்குறைந்த மணற்றரையைக் குறிக்கும். வெண்மை, தரைதட்டும் இடத்தைக் காட்டும். கபில நிறங் கண்டால் பாறையோ முருகைக் கற்பாரோ என்று விலகுதல் நன்று. சூரியன் உயர நிற்கும்போதே இந்நிறங்கள் தெளிவாகத் தெரியும். ஆதலின், மாலை மயங்குமுன்னரே நங்கூரம் பாய்ச்சிவிடுவர்.

அளந்து வாழும் வீடு

வள்ளத்தில் விடிந்ததும் முதலில் நடப்பது வானொலியில் வானிலை அறிக்கை கேட்டல். அடுத்தது தண்ணீர்க் கணக்கு. கிணற்றிலே வாளி வாளியாக அள்ளிக் குளித்துப் பழகிய நமக்கு இக்கணக்கு வியப்பளிக்கும். நூறு கலனுக்குங் குறைந்த நீர்த்தாங்கியையே பல வள்ளங்களிற் காணலாம். தீவுகளில் நன்னீர் அருமையாதலால், சில இடங்களில் அதனைக் கலன் கணக்கில் விலைக்கு வாங்கவேண்டும். எனவே பாத்திரங்களைக் கடல்நீரிற் கழுவி, நன்னீரில் ஒருமுறை அலசுவர். கடலிலே குளித்துவிட்டு, ஒரு கேத்தல் நன்னீரால் உப்பைப் போக்குவர். மழை பெய்தால் படங்கு விரித்து நீரைப் பிடிப்பர்.

கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரமும் இன்று பல வள்ளங்களில் உண்டு. ஆயின், அதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்தும் சிறு காற்றாடிகளிலிருந்தும் வரவேண்டும். மேகம் மூடிக் காற்றும் அடங்கிய நாளிலே குளிரூட்டியும் விளக்கும் குடிநீரும் ஒருங்கே சுருங்கிவிடும். ஒன்றை வீணாக்கின் மற்றொன்று குறையும் என்னும் உண்மையை அவ்வீட்டுச் சிறுபிள்ளையும் அறியும்.

உணவிலும் இதே சிக்கனந்தான். அரிசி, மா, தகரத்திலடைத்த உணவுகள், நாட்பட இருக்கக்கூடிய கோவா, வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியன ஆசனங்களின் கீழும் அடுக்கப்பட்டிருக்கும். பாணை வள்ளத்திலேயே சுடுவாருமுளர். சிறு தீவுகளின் கடைகளுக்குப் பச்சைக் காய்கறி வருவது நசோ நகரிலிருந்து வருந் தபாற்கப்பலிலேதான். கப்பல் வந்த நாளிற் கடை நிறையும். சில நாளில் வெறுமையாகும்.

மீன் பிடிக்கலாமே என்று கேட்கலாம். பார்களிலே மேயும் பெருமீன்கள் சிலவற்றிலும் சீலாவிலும் ஒருவகை நஞ்சு சேர்ந்திருத்தல் கூடும். சமைத்தாலும் அது நீங்காது. எம்மீன் உண்ணத்தக்கது என்பதை உள்ளூர் மீனவரைக் கேட்டறிவதே அறிவு. மேலும், எக்சூமாத் தீவுத்தொடரில் 1958 இல் அமைக்கப்பெற்ற தரை, கடற் பூங்காவினுள் 1986 முதல் மீன்பிடித்தல் அறவே தடுக்கப்பட்டுள்ளது.

காலையுணவின் பின் பிள்ளைகளுக்குப் பாடம். தாய் தந்தையரே ஆசிரியர். அலையேற்ற இறக்கமும் நட்சத்திரங்களும் அங்கே கண்முன் நிற்கும் பாடங்கள்.

காற்று மாறும் இரவு

இத்தீவுகளில் வழக்கமாக வீசுவது கீழைக்காற்று. ஆதலின், தீவின் மேற்குப் புறத்தில் நங்கூரமிட்டால் தீவே அரணாகும். ஆனால் குளிர்காலத்தில் வட அமெரிக்காவிலிருந்து குளிர்முகப்புக்கள் அடுத்தடுத்து இறங்கி வருகின்றன. அப்போது காற்றுத் தென்கிழக்கிலிருந்து தெற்கு, மேற்கு, வடக்கு எனக் கடிகார முள்போலச் சுழன்று வீசும். நேற்றுவரை காத்து நின்ற தீவு, மேல்காற்று எழுந்ததும் வள்ளத்தை மோதி உடைக்கும் பாறையாகின்றது.

எனவே குளிர்முகப்பு வருமுன்னரே மேற்குப் புறமும் அடைபட்ட ஒரு துறையைத் தேடிச் செல்லவேண்டும். நீரின் ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு நீளமாகச் சங்கிலியை விட்டு, நங்கூரம் மணலிற் பதிந்துள்ளதா என நீந்திச் சென்று பார்ப்பர். இரவில் ஒருவர் மாறி ஒருவர் விழித்திருப்பர். ஒரு வள்ளத்தின் நங்கூரம் இழுபட்டால் பின்னால் நிற்பவற்றுக்குங் கேடு. அவ்வேளையில் முன்பின் அறியாதவரும் மழையிலே தோணியேறி உதவிக்கு வருவர். அயலவர் என்ற சொல்லின் பொருள் அங்கே நன்கு விளங்கும்.

பெரிய எக்சூமாவிலுள்ள எலிசபெத் துறையில் குளிர்காலந்தோறும் நூற்றுக்கணக்கான வள்ளங்கள் கூடுகின்றன. காலையில் வானொலிமூலம் ஒருவரையொருவர் நலம் விசாரிப்பர். ஒருவருக்கு இயந்திர உறுப்பு வேண்டும். மற்றொருவருக்கு மருத்துவரின் ஆலோசனை வேண்டும். இல்லாதவர் கேட்பர், உள்ளவர் கொடுப்பர்.

அத்துறையிலே 1954 முதல் உள்ளூர் மரவள்ளங்களின் பாயோட்டப் போட்டி நடந்துவருகின்றது. மீன்பிடிக்கவும் பண்டம் ஏற்றவும் பாய்விரித்தவரின் தொழிற்றிறன் அழியாதிருக்க அது பெரிதும் உதவியது. வந்தவர்க்கு ஒரு பருவத்து வாழ்வாக இருப்பது, தீவினர்க்குத் தலைமுறை தலைமுறையாகப் பிழைப்பாக இருந்தது.

வேனில் பிறந்ததும் வள்ளங்கள் வடக்கே திரும்புகின்றன. அடுத்த சூறாவளிப் பருவத்துக்கு முன் வீடு சேரவேண்டுமே! கரையிலே குழாயைத் திறந்தால் நீர் வரும். பொத்தானை அழுத்தினால் விளக்கெரியும். ஆயினும், ஒரு கேத்தல் நீரின் அருமையை அறிந்த கை அக்குழாயை விரைந்து மூடவே செய்யும்.