மின்சார வண்டிகளின் பாட்டரிகள்: சோதனையும் பராமரிப்பும்

விளைபொருள்களையும் எருவையும் ஏற்றிச் செல்லும் மின்சார வண்டிகள் பலவற்றில் ஈயத் தகடுகளும் கந்தகத் திராவகமும் கொண்ட பாட்டரிகள் பொருத்தப்பட்டுள்ளன. இவ்வகைப் பாட்டரியைப் பிரான்சு தேசத்துப் பிளாண்டே என்பவர் 1859-ஆம் ஆண்டில் அமைத்தார். வண்டியின் ஓட்டம் குறைந்தவுடன் பாட்டரிகள் அனைத்தையும் மாற்றிவிடுவோர் உண்டு. ஆயின், ஒரே ஓர் அறையின் பழுதே அதற்குக் காரணமாயிருத்தல் கூடும். அதனை அறியாமல் பணம் செலவிடுவது வீண் நஷ்டமாகும்.

12 வோல்ட் பாட்டரி ஒன்றில் 6 அறைகள் உண்டு. 48 வோல்ட் வண்டியில் இத்தகைய பாட்டரிகள் நான்கு தொடராக இணைக்கப்படுவதால் அறைகள் 24 ஆகும். வாய்க்கால் ஓரிடத்தில் தூர்ந்தால் கடைமடைக்கு நீர் குறைவதுபோல, ஓர் அறை நலிந்தால் வண்டியே நலியும்.

சோதிக்கும் முறை: மூடி திறந்து நீர் ஊற்றக்கூடிய பாட்டரிகளுக்கு ஹைட்ராமீட்டர் ஏற்றது. பாட்டரியை முழுதும் சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஆறவிட்டு, ஒவ்வோர் அறையின் திராவகத்தையும் உறிஞ்சி அளவைக் குறித்துக்கொண்டு, அதே அறையில் விட்டுவிட வேண்டும். முழு சார்ஜில் அடர்த்தி பெரும்பாலும் 1.265 முதல் 1.280 வரை இருக்கும், 1.120 அளவுக்கு இறங்கினால் மின்சாரம் தீர்ந்ததென அறியலாம். அறைகளுக்குள் 0.050 வித்தியாசம் இருந்து, மீண்டும் சார்ஜ் செய்த பின்னும் மாறாவிடில், குறைந்த அறை பழுதுற்றதாகும். மூடிய பாட்டரிகளாயின், பாரத்துடன் வண்டி ஓடும்பொழுது எதன் வோல்ட் மற்றவற்றினும் மிகத் தாழ்கிறதோ, அதுவே நலிந்தது. தொகுதி புதிதாயின் பழுதுற்றதை மட்டும் அதே வகையால் மாற்றலாம். பழையதாயின் புதியதைக் கலப்பது தகாது.

பராமரிக்கும் முறை: சார்ஜ் ஏறும்பொழுது நீர் சிதைந்து வாயுவாக வெளியேறும். ஆகவே சார்ஜ் முடிந்தபின் டிஸ்டில்ட் வாட்டர் எனப்படும் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். தகடுகள் வெளியே தெரிந்தால் மாத்திரம், அவை மூழ்குமளவு முன்னரே ஊற்றுக. கிணற்று நீரிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். திராவகம் சேர்த்தலும் கூடாது. தீர்ந்த பாட்டரியைச் சார்ஜ் செய்யாது விட்டுவைத்தால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிவிடும். பின்னர் அதனை நீக்குதல் அரிது. ஆதலின் ஓட்டிய அன்றே சார்ஜ் செய்க. வேலையற்ற காலத்திலும் மாதம் ஒரு முறை சார்ஜ் செய்தல் நலம்.

எச்சரிக்கை: சார்ஜ் ஏறுகையில் எழும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கக்கூடியது. காற்றோட்டமுள்ள இடத்தில் சார்ஜ் செய்து, பீடி, விளக்கு முதலியவற்றை விலக்குக. திராவகம் கண்ணில் பட்டால் உடனே ஏராளமான தண்ணீரால் நெடுநேரம் கழுவி வைத்தியரிடம் செல்ல வேண்டும். பழைய பாட்டரியை வீட்டில் உடைத்து ஈயம் உருக்குதல் குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு விளைக்கும். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளின்படி, அவற்றைப் பதிவு பெற்றவர்களிடமே சேர்ப்பிக்க வேண்டும்.

அடங்கல் எழுதுவதுபோல் மாதந்தோறும் 24 அறைகளின் அளவுகளையும் ஒரு நோட்டில் எழுதி வருபவருக்கு, நலியும் அறை எதுவென்பது வண்டி நிற்குமுன்னரே புலப்படும்.