லடாக் போகும் வண்டிக்குச் சுமையே எதிரி!

தமிழர்கள் பலர் வசிக்கும் டில்லி கரோல்பாக்கில், கோடை வந்தால் மோட்டார் சைக்கிள் கடைகளில் கூட்டம் நெரியும். மணாலி வழியாக லடாக் போகும் இளைஞர்கள் வண்டியைத் தயார் செய்ய வருகிறார்கள்.

சென்னையை அடுத்த ஆலையில் தயாராகும் 'ஹிமாலயன் 450' வண்டியின் எடை 196 கிலோ. அதன்மேல் பெட்டி, பெட்ரோல் கேன் என்று 40 கிலோ ஏற்றினால், மணலில் சாய்ந்த வண்டியை ஒருவராக நிமிர்த்துவது பெரும்பாடு. எனவே முதல் வேலை, சுமையைக் குறைப்பதுதான்.

என்ஜினுக்கு அடியில் கனமான அலுமினியத் தகடு வேண்டும். கல் அடித்து ஆயில் ஒழுகினால் பயணம் அங்கேயே முடிந்தது.

போல்ட்டை இறுக்காதீர்!

கிளட்ச், பிரேக் லீவர்களைப் பிடித்திருக்கும் போல்ட்டை அளவோடு முறுக்க வேண்டும். வண்டி விழுந்தால் லீவர் சுழன்று தப்பிக்கும். மிகவும் இறுக்கியிருந்தால் ஒடிந்துவிடும்.

மண் பாதையில் டயர் காற்றைச் சில பவுண்டு குறைத்தால் பிடிமானம் கூடும். அதிகம் குறைத்தால் கல்லில் நசுங்கி டியூப் ஓட்டையாகும். தார் ரோடு வந்ததும் மறுபடி அடிக்கக் கைப்பம்பு அவசியம்.

வழியில் உள்ள டக்லங் லா கணவாய் 17 ஆயிரம் அடிக்கு மேல். அங்கே நடந்தாலே மூச்சு வாங்கும். ஆகவே புறப்படும் முன், மூட்டை முடிச்சுடன் வண்டியைச் சாய்த்து, தனியாகத் தூக்கிப் பாருங்கள். முடியாவிட்டால் ஒரு பெட்டியை வீட்டிலேயே இறக்கிவிடுங்கள்.