கண்ணில் குழாய் வைத்து ஆபரேஷனா? 6-வது வாரம் உஷார்!

மதுரை:

கண் அழுத்த நோய்க்கு (கிளாக்கோமா) குழாய் வைத்து ஆபரேஷன் செய்தவர்கள், ஒரு மாதம் ஓடிவிட்டது என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. கண்ணுக்குள் ரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்து அதன் பிறகும் இருக்கிறது.

குழாய் எதற்கு?

கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாவிட்டால் அழுத்தம் ஏறும். 10 முதல் 21 வரை இருக்க வேண்டிய அழுத்தம் 30, 40 என்று எகிறினால் பார்வை நரம்பு பாழாகும். போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்துக்கும், சாதாரண ஆபரேஷனுக்கும் கட்டுப்படாதவர்களுக்கு மெல்லிய சிலிக்கான் குழாயை கண்ணுக்குள் செருகி நீரை வடிய விடுகிறார்கள்.

மதுரையில் 1992-ம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆரோலேப் நிறுவனம் தயாரிக்கும் ஏ.ஏ.டி.ஐ. குழாயில் வால்வு கிடையாது. நீர் ஒரேயடியாகக் கொட்டாமல் இருக்க, தானாகக் கரையும் நூலால் குழாயை கட்டி வைப்பார்கள். 5, 6 வாரங்களில் நூல் கரைந்து குழாய் திறக்கும்.

ரத்தம் கசிவது ஏன்?

குழாய் திறந்ததும் அழுத்தம் சட்டென்று இறங்கும். 5-க்கும் கீழே போனால், காத்து இறங்கிய பலூன் மாதிரி கண் தளர்ந்துவிடும். உள்ளே இருக்கும் ரத்தநாளப் படலம் பிரிந்து, சின்ன ரத்தக்குழாய் இழுபட்டு வெடிக்கலாம். இது அபூர்வம்தான். ஆனால் நடந்தால் பார்வையே பறிபோகலாம்.

வால்வு உள்ள குழாய் என்றால் முதல் நாளே திறந்திருக்கும். அவர்களுக்கு முதல் வாரத்திலேயே கவனம் தேவை. ஆபரேஷன் முடிந்ததும் கண்ணின் முன்பகுதியில் லேசாக ரத்தம் தேங்குவது வேறு. அது பெரும்பாலும் சில நாட்களில் தானாக மறையும்.

யாருக்கு ஆபத்து?

வயதானவர்கள், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், ஏற்கனவே கண்ணில் பல ஆபரேஷன் செய்தவர்களுக்கு ஆபத்து அதிகம். அதற்காக இதய மாத்திரையை தாங்களாக நிறுத்தக் கூடாது. அது உயிருக்கே உலை வைக்கும். டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூட்டை தூக்காதீங்க!

"அதான் மாசம் ஒண்ணு ஆச்சே" என்று மூட்டை, சிமெண்டு சட்டி, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. முக்கி மலம் கழிக்கக் கூடாது. இருமல், மலச்சிக்கல் இருந்தால் உடனே மருந்து வாங்க வேண்டும். மறுபடி எப்போது வேலைக்குப் போகலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நூல் கரையும் வாரத்தில் செக்கப்பை தவற விடக்கூடாது. அழுத்தத்தை அளந்து பார்த்து, சொட்டு மருந்தை குறைப்பது அப்போதுதான். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போனால் சம்பாதித்துக் கொள்ளலாம். கண் போனால் வராது.

திடீரென்று கடுமையான கண் வலி, பார்வை மங்கல், வாந்தி வந்தால் வலி மாத்திரை போட்டுப் படுக்காமல், ராத்திரி ஆனாலும் கண் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சின்னக் கசிவு என்றால் சொட்டு மருந்திலேயே அடங்கிவிடும். பெரிய கசிவு என்றால், உறைந்த ரத்தம் இளகும் வரை 1, 2 வாரம் பார்த்து வடித்து எடுப்பார்கள்.

போகும்போது ஆபரேஷன் சீட்டை மறக்காமல் கையில் எடுத்துச் செல்ல வேண்டும். என்ன குழாய், என்றைக்கு வைத்தது என்பதைத்தான் டாக்டர் முதலில் கேட்பார்.