ஒன்று கொடுத்து ஒன்றுடன் வாழ்தல்

புறாவைக் காப்பதற்காகத் தன் உடற்சதையை அரிந்து தராசில் இட்ட சிபியின் கதையை நீங்கள் கீழ்வகுப்பில் படித்திருப்பீர்கள். சோழர்கள் அவனைத் தம் குலத்து முன்னோனாகப் போற்றினர். தன் கண்ணை இடந்து அப்பிய கண்ணப்பரின் கதையும் தமிழர் நன்கு அறிந்ததே. இக்கதைகளில் கொடுத்தவரின் புண் எவ்வாறு ஆறியது என்னும் வினாவுக்கு இடமில்லை. தெய்வம் தோன்றுகிறது, உடல் முன்போல் ஆகிவிடுகிறது. மருத்துவமனையில் அந்த வேலை முடிய ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆகும். அந்த ஆறு வாரங்களையும், அவற்றுக்கு முந்தைய சில மாதங்களையும் பற்றியது இப்பாடம்.

நமக்குச் சிறுநீரகங்கள் இரண்டு. முதுகுப்புறம், கீழ் விலா எலும்புகளை ஒட்டி, அவரை விதை வடிவில் அவை அமைந்துள்ளன. ஒவ்வொன்றின் எடையும் ஏறத்தாழ 150 கிராம். இரண்டும் சேர்ந்து நாள்தோறும் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதியை உடலுக்கே திருப்பி அனுப்பி, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. நலமான ஒரு சிறுநீரகமே இப்பணிக்குப் போதும். இந்த உண்மையின்மீதே உயிருடன் இருப்போர் செய்யும் சிறுநீரகக் கொடை நிற்கிறது.

1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரே என்னும் அறுவை மருத்துவர், ஒத்த இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்கு வெற்றியுடன் பொருத்தினார். சிறுநீரகம் தந்த ரொனால்ட் ஹெரிக் அதன்பின் 56 ஆண்டுகள் வாழ்ந்து 2010-இல் மறைந்தார். இந்தியாவில் 1971-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் உயிருள்ள கொடையாளரின் சிறுநீரகம் வெற்றியுடன் பொருத்தப்பட்டது.

'வேண்டாம்' என்னும் உரிமை

மனித உறுப்பு மாற்றுக்கான இந்தியச் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டு 2011-இல் திருத்தப்பட்டது. அதன்படி உறுப்பை விற்பதும் வாங்குவதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர் உயிருடன் இருக்கையில் பொதுவாகச் சிறுநீரகம் தர இயலாது. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி, தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி ஆகியோர் நெருங்கிய உறவினராகக் கருதப்படுவர். பிறர் தர விரும்பினால் அதற்கென அமைந்த அனுமதிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இரத்த வகை பொருந்தாத இரு குடும்பங்கள், ஒன்றின் கொடையாளர் மற்றொன்றின் நோயாளிக்குத் தருமாறு தம்முள் பரிமாறிக்கொள்ளவும் சட்டம் இடமளிக்கிறது.

நம் நாட்டில் உயிருடன் இருந்து உறுப்புத் தருவோருள் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் பெண்கள். பெறுவோருள் பெரும்பாலோர் ஆண்கள். தாய் மகனுக்கும் மனைவி கணவனுக்கும் தருவதை அன்பு என்று மட்டும் எண்ணிவிடலாகாது. 'சம்பாதிப்பவர் அவர், வீட்டில் இருப்பவள் நீ' என்னும் சொல்லப்படாத கணக்கும் அதில் கலந்திருக்கக்கூடும். 2014-ஆம் ஆண்டு விதிகள் இதை உணர்ந்தே எழுதப்பட்டுள்ளன. கொடையாளர் பெண்ணாயின், அவர் தாமாக விரும்பியே ஒப்புகிறார் என்பதைச் சிறுநீரகம் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும் என அவை கூறுகின்றன.

நம்மைப் போல் ஊரை விட்டு வந்து வாழ்வோர்க்கு இதில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. தில்லியிலோ அகமதாபாத்திலோ பணிபுரியும் மகனுக்குச் சிறுநீரகம் தர ஊரிலிருந்து வரும் தாய்க்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாதிருக்கலாம். மருத்துவர் இந்தியில் விளக்குவார். மகனோ மருமகளோ பேரனோ அதைத் தமிழில் சொல்வர். மருந்து உண்ணும் நேரத்தைச் சொல்ல அது போதும், ஒப்புதலுக்குப் போதாது. அத்தாயின் உள்ளத்தில் 'வேண்டாம்' என்னும் சொல் இருந்தால், அதை மருத்துவரிடம் மொழிபெயர்த்துக் கூற வேண்டியவன் அவள் மகனே அல்லவா? ஆகவே அந்த உரையாடலுக்குத் தமிழறிந்த, குடும்பத்தைச் சேராத ஒருவரை ஏற்பாடு செய்யுமாறு கேட்பது நலம். ஒப்புதல் தந்த பின்னரும், அறுவைக்கூடத்துக்குச் செல்லும் நாள் வரையிலும், கொடையாளர் மனம் மாறலாம். அவ்வாறு மாறினால், காரணத்தை வெளியிடாமல் 'இவர் கொடையாளராகத் தகுதியுறவில்லை' என்று மட்டும் குடும்பத்தாரிடம் கூறும் மருத்துவர்கள் பலர்.

ஆய்வுகளும் ஆயத்தமும்

கொடையாளர் நோயாளி அல்லர், நலமுள்ளவர். அந்நலம் கெடாது என்று உறுதிசெய்துகொள்ளவே இத்தனை ஆய்வுகள். இரத்த வகை, திசுப் பொருத்தம் ஆகியவை பெறுபவருக்காகப் பார்க்கப்படுகின்றன. ஏனையவற்றுள் பெரும்பாலானவை கொடையாளருக்காகவே. இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரில் புரதம், இதயத்தின் நிலை, மார்பு எக்ஸ்ரே, மஞ்சட்காமாலை, காசநோய் முதலிய தொற்றுகள் எனப் பட்டியல் நீளும். மனநல மருத்துவரும் பேசுவார். இவ்வாய்வுகளின்போது தமக்கே தெரியாதிருந்த சர்க்கரை நோயைக் கண்டறிந்து திரும்புவோரும் உண்டு. அதுவும் ஒரு பயன்தான்.

இரு சிறுநீரகங்களும் தனித்தனியே எவ்வளவு பணி செய்கின்றன என்பதையும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை இரத்தக் குழாய்கள் செல்கின்றன என்பதையும் ஸ்கேன் காட்டும். இரண்டும் சமமாயின், பொருத்துவதற்கு வசதியாக நீண்ட சிரையுள்ள இடச் சிறுநீரகத்தையே பெரும்பாலும் எடுப்பர். ஒன்று சற்றுக் குறைவாக இயங்கினால், சிறந்தது கொடையாளரிடமே இருக்கும், குறையுள்ளதே எடுக்கப்படும். இவ்விதியை நோயாளியின் உறவினர் சிலர் விரும்புவதில்லை. எனினும் நலமுள்ளவரின் நலனை முதலில் காப்பதே மருத்துவ அறம்.

நாள் குறித்தபின் ஆயத்தம் தொடங்குகிறது. புகைபிடிப்பவர் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே அதை நிறுத்த வேண்டும். இல்லையேல் மயக்க மருந்துக்குப்பின் நுரையீரல் துன்புறும். உண்ணும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்துச் சூரணங்கள் உட்பட, மருத்துவரிடம் கூற வேண்டும். மூன்று பந்துகள் கொண்ட சிறு கருவியில் மூச்சை இழுத்துப் பழக வேண்டும். நாள்தோறும் நடப்பது நல்லது. வீட்டிலும் ஆயத்தம் தேவை. யார் சமைப்பர், யார் துணி துவைப்பர், குழந்தையை யார் பள்ளிக்கு அழைத்துச் செல்வர் என்பவற்றை முன்பே முடிவுசெய்ய வேண்டும். சிறுநீரகம் தருபவரும் பெறுபவரும் ஒரே நாளில் படுக்கையில் இருப்பர் என்பதைப் பல குடும்பங்கள் அன்றுதான் உணர்கின்றன.

அறுவையும் அடுத்த நாள்களும்

முன்பு விலாப்புறத்தில் நீண்ட கீறலிட்டுச் சிறுநீரகத்தை எடுத்தனர். 1995-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் சிறுதுளை அறுவை முறையில் கொடையாளரின் சிறுநீரகம் முதன்முதலாக எடுக்கப்பட்டது. இன்று பெரும்பாலான மருத்துவமனைகளில் அம்முறையே வழக்கம். வயிற்றில் கரியமிலவாயுவைச் செலுத்தி உப்பச் செய்து, சிறு துளைகள் வழியே கருவிகளை நுழைத்து, அடிவயிற்றில் இடும் சிறு கீறல் வழியாகச் சிறுநீரகத்தை எடுக்கின்றனர். அடுத்த அறையில் அதைப் பெறுபவர் ஆயத்தமாக இருப்பார்.

கண்விழித்தபின் நிகழ்வது பலருக்கும் வியப்பளிக்கும். பெறுபவரின் உடலில் புதிய சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கியதும் அவர் முகம் தெளிகிறது, பசி எடுக்கிறது. கொடுத்தவரோ வலியுடன் படுத்திருக்கிறார். நோயாளியாகச் சென்றவர் நலமடைந்து எழ, நலமாகச் சென்றவர் நோயாளியாகிறார். உறவினர் கூட்டமும் பெறுபவரின் அறை வாயிலிலேயே நிற்கிறது.

வயிற்றில் எஞ்சிய வாயுவால் தோள்பட்டை வலிக்கும். வயிற்றில் அறுத்தால் தோள் ஏன் வலிக்கிறது என்று அஞ்ச வேண்டா. அது சில நாள்களில் நீங்கும். அடுத்த நாளே எழுந்து சில அடிகள் நடக்கச் செய்வர். கால் சிரைகளில் இரத்தம் உறையாமல் இருக்க இந்நடை உதவும். இருமும்போது வயிற்றின்மீது தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டால் வலி குறையும். சில நாள்களில் வீடு திரும்பலாம். அதன்பின் காய்ச்சல், புண் சிவந்து சீழ்பிடித்தல், கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஆறு வாரங்களுக்கு ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட எதையும் தூக்கலாகாது; தூக்கினால் தைத்த இடத்தில் குடலிறக்கம் ஏற்படலாம். நீர் நிறைந்த குடம், சமையல் எரிவாயு உருளை, மூன்று வயதுப் பேரன் ஆகிய மூன்றும் இவ்வெல்லையைக் கடந்தவை. அவற்றுள் பேரனை மறுப்பதே பாட்டிக்குக் கடினம். நடுவண் அரசு 2023 ஏப்ரலில் உறுப்புக்கொடை செய்யும் தன் ஊழியருக்கு 42 நாள்கள் வரை சிறப்புத் தற்செயல் விடுப்பு வழங்கியது. நாற்பத்திரண்டு நாள்கள் என்பது சரியாக ஆறு வாரங்கள். அடுக்களையில் உழைக்கும் பெண்ணுக்கு அந்த விடுப்பை வழங்க வேண்டியவர் வீட்டார் அல்லரோ?

எஞ்சிய ஒன்று

எஞ்சிய சிறுநீரகம் சற்றே பருத்து, தன் பணியைக் கூட்டிக்கொள்கிறது. இரண்டும் இருந்தபோது நடந்த பணியில் ஏறத்தாழ எழுபது விழுக்காட்டை அது தனித்தே செய்யும். ஆகவே கொடையாளரின் இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு முன்பைவிடச் சற்று உயர்ந்தே இருக்கும். ஆய்வகம் அதைத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்டு கலங்காமல், 'இவர் ஒரு சிறுநீரகம் தந்தவர்' என்று மருத்துவரிடம் கூற வேண்டும்.

வலிக்குப் பாராசிட்டமால் உண்ணலாம். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கலாகாது. நோயாளி தண்ணீரை டம்ளர் கணக்கில் அளந்து குடித்த வீட்டில், தந்தவரும் அவ்வாறே குடிக்க நேரலாம். அது வேண்டியதில்லை; அவர் தாகமறிந்து நன்றாகவே நீர் பருக வேண்டும். உப்பைக் குறைப்பது எல்லார்க்கும் நல்லது.

இடர் அறவே இல்லை என்று கூறுவது பொய்யாகும். அமெரிக்காவில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கொடையாளர்களை ஆராய்ந்தபோது, அறுவைக்குப்பின் தொண்ணூறு நாள்களுக்குள் இறந்தோர் பத்தாயிரம் பேருக்கு மூவர் எனத் தெரியவந்தது. பிற்காலத்தில் கருவுறும் பெண்ணுக்கு இரத்த அழுத்தம் உயரும் வாய்ப்புச் சற்று மிகுதி. ஆதலால் அறுவைக்குப்பின் ஓராண்டு காத்திருந்து, மருத்துவரிடம் கூறிய பின்னரே கருவுறுதல் நன்று. ஆண்டுக்கொருமுறை இரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் ஆகிய மூன்றையும் வாழ்நாள் முழுவதும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெறுபவரின் ஆய்வு நாளைக் குடும்பத்தார் நாட்காட்டியில் வட்டமிட்டு வைப்பர். கொடுத்தவரின் நாளையும் அதே நாட்காட்டியில் குறிக்கலாம்.

எழுதிப் பழகுக

1. சிறந்த சிறுநீரகம் கொடையாளரிடமே விடப்படுவது ஏன்?

2. ஒப்புதல் உரையாடலில் குடும்பத்தார் மொழிபெயர்ப்பது போதாது என்று இப்பாடம் கூறுகிறது. இக்கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணத்துடன் எழுதுக.

3. அறுவை முடிந்து வீடு திரும்பிய பாட்டி உங்கள் தம்பியைத் தூக்க முனைகிறார். அவர் மனம் வருந்தாதவாறு நீங்கள் கூறுவதை ஐந்து தொடர்களில் எழுதுக.