பெயர்பெற்ற மன்னரும் பெயரற்ற மக்களும்: ரொல்கீனின் புனைவரலாற்றிற் பேரரசெதிர்ப்பு

கற்பனை உலகொன்றைப் படைக்கும் எழுத்தாளன் நிலத்தையும் மாந்தரையும் மாத்திரம் படைத்து அமைவதில்லை. அவ்வுலகுக்குரிய அரசமரபுகள், போர்கள், ஆண்டுக் கணிப்புகள், ஊர்ப்பெயர்கள் ஆகியவற்றையும் அவன் படைக்கவேண்டியவனாகின்றான். இதனை நாம் புனைவரலாறு என வழங்கலாம். பேரரசொன்றை எதிர்த்தெழும் மன்னரின் கதை இத்தகைய புனைவரலாறுகளிற் பெரிதும் பயின்றுவரும் பொருளாகும். எதிர்த்தோருள் யாருக்குப் பெயர் கிடைக்கின்றது, யாருக்குக் கிடைக்கவில்லை என்னும் வினாவை மெய்யான வரலாற்று ஏடுகளிடம் கேட்பதுபோலப் புனைவரலாற்றிடமும் நாம் கேட்டல் தகும். அவ்வினாவுக்கு ஜே. ஆர். ஆர். ரொல்கீனின் (1892-1973) படைப்புகள் தக்க சான்றாக அமைகின்றன.

ரொல்கீன் 1925 முதல் 1959 வரை ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கிய மொழியியலறிஞர். முதலாம் உலகப் போர்க் காலத்தில் அவர் எழுதத் தொடங்கிய புனைகதைகள் அவருடைய இறுதிக்காலம்வரை திருத்தப்பட்டும் விரிக்கப்பட்டும் வந்தன. 1954-55 இல் வெளிவந்த 'த லோர்ட் ஒவ் த றிங்ஸ்' நாவலின் பின்னிணைப்புகள் அப்புனைவுலகின் ஆண்டு அட்டவணைகளைத் தந்தன. அவர் மறைந்த பின் மகன் கிறிஸ்ரோபர் பதிப்பித்த 'த சில்மரில்லியன்' (1977), 'அன்ஃபினிஷ்ட் ரேல்ஸ்' (1980) ஆகியன அவ்வரலாற்றின் வேறு படைகளை வெளிக்கொணர்ந்தன. இப்படைகளை ஒருங்குவைத்து நோக்கும்போதே நாம் கூறவந்த பொருள் தெளிவாகும்.

இவ்வரலாற்றின் நடுநாயகமான பேரரசு நூமெனோர் என்னும் தீவரசாகும். கடலோடிகளாகவும் கொடையாளராகவும் மத்திய பூமியின் கரைகளுக்கு வந்த அதன் மக்கள் காலப்போக்கில் திறைகொள்ளும் ஆண்டைகளாயினர். இறுதி மன்னன் ஆர்-பராசோன் சாவாமையை அவாவித் தடைசெய்யப்பட்ட மேற்றிசை நிலத்தின்மீது படையெடுக்க, இரண்டாம் யுகத்தின் 3319 ஆம் ஆண்டிலே தீவு கடலில் மூழ்கியது. மன்னனின் கொள்கைக்கு உடன்படாத எலெண்டிலும் அவன் மைந்தரும் தப்பிவந்து, மறு ஆண்டில் ஆர்னோர், கொண்டோர் என்னும் அரசுகளை நிறுவினர். எல்வ் இனத்து அரசனோடு கூட்டுச்சேர்ந்து சௌரொனின் ஆதிக்கத்தை எதிர்த்து 3441 இல் அவனை வீழ்த்தினர்.

இங்கு பேரரசின் வீழ்ச்சிக்குக் கூறப்படும் காரணம் அறவியற் காரணமாகும். ஆணவமும் சாவச்சமும் அரசை அழித்தன என்பதே அது. எதிர்த்து நின்றோரும் அதே அரசகுலத்தின் கிளையினரே. அவர்கள் நிறுவிய அரசுகளும் பழைய பேரரசு காலூன்றிய நிலத்திலேயே எழுந்தன. அந்நிலத்தில் முன்னரே வாழ்ந்தோர் யாவர் என்பதற்கு இக்கதை நின்று விடைகூறவில்லை.

விடை வேறோரிடத்திற் கிடைக்கின்றது. 'அன்ஃபினிஷ்ட் ரேல்ஸ்' நூலிலே குவாத்லோ என்னும் ஆற்றின் பெயரை ஆராயும் குறிப்பொன்று உண்டு. அப்பெயரின் முற்பகுதி நிழல் எனப் பொருள்படும். நாவலின் காலத்தில் அவ்வாற்றங்கரை பெரும்பாலும் மரமற்ற வெளியாகும். அங்ஙனமாயின் நிழல் எங்கிருந்து வந்தது? ஒருகாலத்தில் ஆற்றின் இருமருங்கும் பெருங்காடு கவிந்திருந்தது. பட்டத்திளவரசனாயிருந்த அல்டாரியொன் கலங்கட்ட மரந்தேடி அதன் முகத்துவாரத்தில் துறைமுகம் அமைத்தான். மரம் வெட்டுதல் நாளடைவில் காட்டழிப்பாயிற்று. காட்டிலே வாழ்ந்த மக்கள் மறைந்திருந்து தாக்கினர். நூமெனோரியர் அவர்களைப் பகைவராகக் கொண்டு மேலும் ஈவிரக்கமின்றி வெட்டினர். சௌரொனின் படை வந்தபோது அம்மக்கள் அதனை வரவேற்று, மரக்களஞ்சியங்களுக்கு வழிகாட்டினர். பேரரசுக்கு எதிரான இக்கிளர்ச்சிக்குத் தலைவன் பெயர் இல்லை. போரின் பெயரும் இல்லை. எஞ்சியிருப்பது ஆற்றின் பெயரில் உறைந்த நிழலொன்றே.

அம்மக்களோடு உறவுடைய டன்லாந்தியர் நாவலிலே சரூமனின் படையினராக, காட்டுமிராண்டிகளாகத் தோன்றுகின்றனர். மூன்றாம் யுகத்தின் 2510 ஆம் ஆண்டில் கொண்டோர் தான் ஆண்ட வடநிலத்தை றோகன் குதிரைவீரருக்கு வழங்கியது. அதன்பின் டன்லாந்தியர் அங்கிருந்து துரத்தப்பட்டனர். 2758 இல் அவர்களைத் திரட்டிவந்து றோகனின் அரசிருக்கையைக் கைப்பற்றிய வுல்ப் என்பான் பின்னிணைப்பிலே அரசைக் கவர்ந்தவனாகவே இடம்பெறுகின்றான். அவன் தந்தையை றோகன் மன்னன் ஹெல்ம் கைக்குத்தினாற் கொன்றமையும் அங்கேயே கூறப்படுகின்றது. எலெண்டிலின் எதிர்ப்பு அரசமரபின் தொடக்கமாயிற்று. வுல்பின் எதிர்ப்போ குற்றமாயிற்று. ஏட்டை எழுதியோர் வென்றோராயிருந்தமையே இவ்வேறுபாட்டுக்குப் பெருங்காரணமாகும்.

இதனால் ரொல்கீனைப் பேரரசின் ஊழியர் எனக் கொள்ளுதல் தவறாகும். காட்டழிப்பைப் பதிந்தவரும் அவரே. போர்க்களத்தில் வீழ்ந்த தென்னாட்டு வீரனொருவனைக் கண்ட தோட்டக்காரன் சாம், இவன் உண்மையிற் கொடியவன்தானா, எந்தப் பொய் இவனை இங்கு அழைத்துவந்தது என எண்ணுவதாக நாவலில் ஓரிடம் உண்டு. வேட்டையாடப்பட்டு வந்த காட்டுமக்களுக்கு அவர்களது காடு இறுதியிலே மீளளிக்கப்படுகின்றது. ஆயினும் அது மன்னனின் கொடையாகவே வருகின்றது என்பதும் மனங்கொளத்தக்கது. மன்னராட்சியின் மீள்வருகையை முடிவாகக் கொண்ட கதை, மக்களின் உரிமையைக் கொடையாக அன்றி வேறெவ்வாறும் காட்ட இயலாதுபோயிற்று.

புனைவரலாறு படைத்தவனோடு முடிந்துவிடுவதில்லை. ஹெல்மின் மகளுக்கு ரொல்கீன் பெயரிடவில்லை. 2024 இல் வெளியான 'த வோர் ஒவ் த றொஹிரிம்' என்னும் அசைவூட்டத் திரைப்படம் அவளுக்கு ஹேரா எனப் பெயரிட்டுக் கதையின் நடுவே நிறுத்தியது. பெயரற்றோர் பெயர்பெறலாம் என்பதற்கு இது சான்று. எனினும் பெயர்பெற்றவள் மன்னன் மகளே. காட்டை இழந்த மக்கள் இன்னும் பெயரின்றியே நிற்கின்றனர்.

கற்பனை உலகிற் கிளர்ச்சியைப் படைக்க முனைவோர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று. முடியைக் கண்டவுடன் கிளர்ச்சியின் தலைவனைக் கண்டுவிட்டதாக எண்ணாது, கலங்கட்டிய மரம் யாருடைய காட்டிலிருந்து வந்தது எனக் கேட்டால் கதை விரியும். அதன் உண்மையும் ஆழமுறும்.