புற்றுநோய்ப் புண்ணின் நாற்றமும் நோவும்: வீட்டில் மருந்து கட்டும் முறை

புற்றுநோய் சிலருக்குத் தோலை உடைத்துக்கொண்டு வெளியே வந்து புண்ணாகிவிடுகிறது. பெண்களுக்கு மார்பிலும், வெற்றிலையுடன் புகையிலை போடுபவர்களுக்குக் கன்னத்திலும் கழுத்திலும் இவ்வாறு ஏற்படலாம். பலரை நோவை விட நாற்றமே கூடுதலாக வாட்டுகிறது. தறப்பாள் கொட்டிலிலோ உறவினர் வீட்டு விறாந்தையிலோ குடும்பம் முழுவதும் ஒன்றாகப் படுத்தெழும்பும்போது அதை மறைக்க இடமில்லை. நோயாளி தானாகவே மூலைக்கு ஒதுங்குகிறார். சாப்பாட்டை வெறுக்கிறார். பேரப்பிள்ளைகளைக் கிட்ட எடுப்பதில்லை. ஆனால் இந்த நாற்றத்தைப் பெருமளவு குறைக்கலாம். அதற்கு வேண்டியவற்றுள் பல எங்கள் கைக்கெட்டியவை.

நாற்றம் எதனால்?

கட்டி வேகமாக வளரும்போது அதன் எல்லாப் பகுதிக்கும் இரத்தம் போய்ச் சேர்வதில்லை. இரத்தம் கிடைக்காத சதை செத்துவிடும். செத்த சதையில், காற்றுப் படாத இடத்தில் வாழும் கிருமிகள் பெருகுகின்றன. நாற்றம் அக்கிருமிகளின் வேலை. அது பாவத்தின் சம்பளமும் அல்ல, செய்வினையும் அல்ல. தொடுவதால் புற்றுநோய் தொற்றாது. ஊரார் விலக்கிவைத்த தொழுநோயாளரை இயேசு கைநீட்டித் தொட்டார் என்பதை நாம் அறிவோம்.

கழுவும் முறை

1. வைத்தியர் தந்த வலி மருந்தை, கட்டு மாற்றுவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன் கொடுங்கள்.

2. அரை லீற்றர் நீரைக் கொதிக்க வைத்து, ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, இளஞ்சூடாக ஆறவிடுங்கள்.

3. சவர்க்காரம் போட்டுக் கைகளைக் கழுவுங்கள். கையுறை இல்லையென்றால் சுத்தமான சொப்பிங் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம்.

4. பழைய கட்டை இழுத்துப் பிய்க்க வேண்டாம். நோவும் இரத்தப்பெருக்கும் அதனால்தான் அதிகம் வருகின்றன. உப்பு நீரால் நன்கு நனைத்து, தானாகக் கழன்று வரும்வரை பொறுத்திருங்கள்.

5. புண்ணைத் தேய்க்காமல் நீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள்.

மூன்று படைகள்

முதலில் மருந்து. மெற்றோனிடசோல் அந்தக் கிருமிகளைக் கொல்லும். அதைக் களிம்பாகப் பூசலாம். மாத்திரையைத் தூளாக்கிப் புண்ணில் தூவவும் முடியும். அளவைக் கிளினிக்கில் கேட்டறியுங்கள். சில நாட்களில் நாற்றம் குறையக் காணலாம். விழுங்குவதற்குத் தந்திருந்தால் அந்நாட்களில் கள்ளும் சாராயமும் கூடாது. வாய்க்குள் இருக்கும் புண்ணுக்கு இம்முறை பொருந்தாது.

மருந்தின் மேல், ஒட்டாத படை. வஸ்லின் தடவிய சுத்தமான கோஸ் துணி போதும்.

அதன்மேல், நீரை உறிஞ்சும் படை. கொதிக்கவைத்து வெயிலில் காயவிட்ட பழைய பருத்திச் சேலை அல்லது சாரத்தை மடித்து வைக்கலாம். ஒட்டும் பிளாஸ்ரரால் தோல் உரியும். ஆகவே துணிப்பட்டியால் தளர்வாகக் கட்டுங்கள். கட்டு ஊறினால் உடனே மாற்றுங்கள்.

சிரட்டைக் கரி

கரி நாற்றத்தைப் பிடித்துவைக்கும். எங்கள் நாட்டுச் சிரட்டைக் கரி நீராவியால் பதப்படுத்தப்பட்டு, வடிகட்டிகளுக்காக வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. வீட்டுக் கரிக்கு அவ்வளவு வலு இல்லையென்றாலும் அது ஓரளவு உதவும். இடித்த கரியைத் துணிப்பையில் தைத்து, கட்டின் வெளிப்புறத்தில் வையுங்கள். அது புண்ணில் படவும் கூடாது, நனையவும் கூடாது. ஒரு தட்டில் கரியைப் பரப்பிப் படுக்கையின் கீழும் வைக்கலாம்.

செய்யக்கூடாதவை

டெற்றோல், ஸ்பிரிற் ஊற்ற வேண்டாம். சாம்பல், சாணம், இலைச்சாறு பூச வேண்டாம். ஈ மொய்க்காதபடி நுளம்பு வலைக்குள் படுக்க வையுங்கள். கழற்றிய கட்டுகளைக் கிணற்றுக்குத் தூரத்தில் எரியுங்கள் அல்லது ஆழமாகப் புதையுங்கள்.

வைத்தியசாலைக்கு எப்போது?

இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் பத்துப் பதினைந்து நிமிடம் கையெடுக்காமல் அழுத்துங்கள். நிற்காவிட்டாலோ, பீறிட்டுப் பாய்ந்தாலோ அழுத்தியபடியே உடனே கொண்டு செல்லுங்கள். காய்ச்சல் வந்தாலும், புழு கண்டாலும், மாத்திரைக்கு நோவு அடங்காவிட்டாலும் காத்திருக்க வேண்டாம். கடும் நோவுக்கு வைத்தியர் மோபீன் தருவார். சொன்ன அளவில் எடுத்தால் அதற்கு அடிமையாகிவிடுவோம் என்று அஞ்சத் தேவையில்லை. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேளுங்கள்.

கட்டுவது புற்றுநோயைக் குணமாக்காது. ஆனால் கதிர்ச் சிகிச்சை பல புண்களைச் சுருக்கி, இரத்தத்தையும் நோவையும் குறைக்கக்கூடியது. மகரகமையிலும் தெல்லிப்பழையிலும் அரசாங்க வைத்தியசாலைகளில் புற்றுநோய்ச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. இடம் மாறும்போது கிளினிக் கொப்பியையும் மருந்துத் துண்டையும் பொலித்தீன் பையில் சுற்றி, அடையாள அட்டையுடன் சேர்த்து வையுங்கள். புதிய இடத்தில் சிகிச்சையைத் தொடர அவை வேண்டும்.